கையை ஆட்டினால் போதும்

வயரே இல்லாத வேலைக்கு மாறி ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் வயர்மேன் என்ற பேர் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. கம்பெனி கொடுத்த அட்டையில் என்னவோ நீளமாக ஒரு பதவி போட்டிருந்தது. அதை அவனாலேயே ஒரே மூச்சில் படிக்க முடியாது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறுகிறவனை ஜனங்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவன் மாட்டுவது சென்சார். பிஸ்கட் அளவில் ஒரு வெள்ளைத் துண்டு, அதன் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடிக் குமிழ், குமிழுக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை. அறையில் ஆள் நடமாடினால் குமிழுக்குத் தெரிந்துவிடும், அது செய்தி அனுப்பும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் பகலில் ஆறேழு மணி நேரம் அசைவே இல்லையென்றால் வயர்மேனின் போன் கத்தும். இதில் விசேஷம் என்னவென்றால், உள்ளே பேட்டரி கிடையாது. முன்பு வந்த சென்சார்களில் பேட்டரி இருந்தது. அது தீர்ந்துபோனால் மாற்றுவார் இல்லை. பாதி வீடுகளில் சுவரில் செத்த பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. இந்தப் புது ரகத்துக்கு அந்தக் கவலை இல்லை. கறுப்புப் பட்டை அறையில் இருக்கும் வெளிச்சத்தையே சாப்பிட்டு உயிர் வாழும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் விளக்கு எரிந்தாலே அதற்கு வயிறு நிறைந்துவிடும். ‘மாட்டுங்கள், மறந்துவிடுங்கள்’ என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மறப்பது எளிது, மாட்டவிடுவதுதான் கஷ்டம். ஜனங்கள் லேசில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அது கேமராதான் என்று சத்தியம் செய்து, அதன் மேல் தன் சட்டையைத் தொங்கவிட்டார். இன்னொரு வீட்டம்மா அது வந்த நாளிலிருந்து தனக்குத் தலைவலி என்றாள். வயர்மேன் ஒரு வாரம் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனான், தலைவலி அப்படியேதான் இருந்தது. "அம்மா, இதுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. ஆள் உடம்புச் சூடு நகர்ந்தா அது மட்டும்தான் தெரியும். நீங்க புடவை கட்டிருக்கீங்களா, போர்வை போத்திருக்கீங்களான்னு அதுக்கு என்ன தெரியும்?" என்பான். கல்லில் நார் உரிக்கிற வாய் அவனுக்கு. கம்பெனி நாற்பது வீடுகளைக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் மனதார ஏற்றுக்கொண்டார்கள் என்று ஒரு தாளில் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லியிருந்தது. அவன் போனில் முப்பத்தொன்பது வீட்டுக்கு எதிரே பச்சைப் புள்ளி எரிந்தது.

நாற்பதாவது வீடு அவனுடைய சொந்த அக்காவின் வீடு. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மாவா?

அக்காவுக்கு அவனைவிடப் பதின்மூன்று வயது அதிகம். முப்பத்தோரு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து அணுக்களை எண்ணியவள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாள், பிறகு யாரும் கேட்கவில்லை. அவள் உழைத்து வாங்கிய வீடு அது: இரண்டாம் மாடியில் ஒரே நீளமான கூடம், அதன் கோடியில் அடுப்பு, ஓரத்தில் கட்டில், அடுத்து குளியலறை. ஒரே ஒரு ஜன்னல். அதையும் ஒட்டி எதிர்க் கட்டடம் எழும்பிவிட்டதால், அந்த வீட்டுக்காரர் கையை நீட்டினால் இந்த வீட்டுத் திரைச்சீலையைத் தொடலாம்.

போன வருடம் அக்கா படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டாள். அன்று வயர்மேன் கறாராகச் சொல்லிவிட்டான்.

"என் வீட்டுக்கு வந்துடு. பின்னாடி ரூம் சும்மாதான் கிடக்கு."

"உன் வீட்டுக்கா? உன் பொண்டாட்டி நல்லவ. அவ நல்லவளாவே இருக்கட்டும்டா, நான் எதுக்கு அதைச் சோதிச்சுப் பாக்கணும்?"

"அப்ப சென்சார் மாட்டுறேன். அது ஒழுங்கா வேலை செய்யுற வரைக்கும் நீ இங்க இருக்கலாம். நின்னுபோச்சு, அப்புறம் நான் கேக்கமாட்டேன், மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிடுவேன். மூணாவது வழி இல்ல."

"முப்பது வருஷம் ஊர்ல இருக்கிறவன் ரத்தத்தையெல்லாம் நான் உத்து உத்துப் பாத்தேன். இப்ப என்னைப் பாக்க ஒண்ணு வருதாக்கும்" என்றாள். பிறகு, "மாட்டு. கதவுல மட்டும் வேண்டாம். வர்றவன் போறவன் கணக்கு உனக்கு எதுக்கு?" என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவருவாள் என்று அவன் நினைக்கவில்லை. அந்த வீட்டைவிட்டு ஒருநாளும் போகக்கூடாது என்பதற்காக அவள் எதற்கும் தயாராக இருந்தாள் என்பது அவனுக்கு அப்போது புரியவில்லை. தன் வாய்ச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டான்.

கூடத்துச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, குளியலறை வாசலும் கட்டிலும் தெரிகிற மாதிரி ஒன்றை ஒட்டினான். கதவுக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஸ்விட்சைக் கழற்றிவிட்டுப் புது ஸ்விட்சை வைத்தான். அதுவும் இதே ரகம். அழுத்துகிற விசையிலேயே தனக்கு வேண்டிய கரண்டைச் செய்துகொண்டு விளக்குக்கும் அவன் போனில் இருக்கிற செயலிக்கும் சொல்லும். ஒருமுறை அழுத்தினால் எரியும், மறுமுறை அழுத்தினால் அணையும்.

அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு முறை அழுத்தினாள்.

"இது மேலயும் நிக்கல, கீழயும் நிக்கல, விட்டா நடுவுக்கே வந்துடுது. எரியுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

வயர்மேன் சிரித்துவிட்டான். "தலையைத் தூக்கிப் பாத்தா தெரியப்போகுது!"

அக்காவும் சிரித்தாள். "அதுவும் சரிதான்" என்றாள்.

ஜன்னல் திரையைத் திறந்து வைக்கச் சொன்னான். எதிர்வீட்டுக்காரன் பார்க்கிறானா இல்லையா என்று எந்நேரமும் யோசித்துக்கொண்டு இருக்க முடியாது என்று மறுத்துவிட்டாள். சரி, விளக்காவது எரியட்டும். விளக்கைப் போட்டு, "ராத்திரி பகல் எந்நேரமும் எரியட்டும். இனிமே ஸ்விட்சைத் தொடவே தொடாதே" என்று சொன்னான். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததை அவன் மனைவி கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். அவன் வீட்டில் ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் வீடு இரண்டாகும். அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் சரி, அறையைவிட்டு வெளியே வரும்போது கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். ஒருதரம் துக்க வீட்டில், ஜனங்கள் உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறான்.

ஏணியிலிருந்து இறங்கிய பிறகு அவன் எல்லா வீட்டிலும் சொல்கிற கடைசிப் பாடத்தை அக்காவுக்கும் சொன்னான்.

"விழுந்துட்டா பதறாதே. எழுந்திருக்க முடியலன்னா கையை ஆட்டினா போதும், இந்தப் பக்கம் பாத்து. விட்டுவிட்டு ஆட்டினா அது வித்தியாசமாத் தெரியும். நான் பாத்துப்பேன்."

"எந்தப் பக்கம்?"

"இதோ, இந்தச் சுவர்க்கா." அவளுடைய கையைப் பிடித்துச் சுவரை நோக்கி நீட்டிக் காட்டினான். அவள் அந்தத் திசையை மனதில் வாங்கிக்கொள்கிறவள் மாதிரி கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

இரண்டு மாதம் பச்சைப் புள்ளி. காலை ஐந்தரைக்கு முதல் அசைவு, ராத்திரி பத்துக்குக் கடைசி அசைவு. மணி அடித்த மாதிரி ஒரு வாழ்க்கை. வயர்மேனுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது மாதத் தொடக்கத்தில் தாளை எடுத்துக்கொண்டு நேரில் போனான். ‘கருவி உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா? அதை நம்புகிறீர்களா?’ என்று வரிசையாகக் கேட்டான். அக்கா எல்லாவற்றுக்கும் ஐந்து என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளர் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊற்றினாள். விரல் நனைந்ததும் நிறுத்தினாள். அவன் அதைப் பார்க்கவில்லை, கறுப்புப் பட்டையில் தூசி இருக்கிறதா என்று சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மேஜைமேல் மடிப்புக் கலையாத செய்தித்தாள்கள் கிடந்தன. "படிக்கிறதில்லையா?" என்று கேட்டான். "அதே திருட்டு, அதே பொய். நேத்து வந்ததையே இன்னிக்கும் படிச்சுக்கலாம்" என்றாள். அவன் சிரித்துவிட்டுத் தாளை மடித்தான். வாசலுக்கு வெளியே வந்து நின்று வழியனுப்பினாள் அக்கா. அவன் அவளுக்குப் பின்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கீழே இறங்கிப் போனான்.

பத்து நாள் கழித்துப் புள்ளி மஞ்சளானது. சென்சார் பசியில் இருக்கிறது என்று அர்த்தம். செயலியைத் திறந்து பார்த்தான். ‘விளக்கு: அணைந்துள்ளது’ என்று இருந்தது. போன் போட்டான்.

"அக்கா, விளக்கைப் போடு."

"போட்டுத்தான்டா இருக்கு."

"எங்க போட்டிருக்கு? இங்க அணைஞ்சிருக்குன்னு காட்டுதே."

"நீ போட்டுட்டுப் போனதுதான். தொடாதேன்னு சொன்னே, நான் தொடவே இல்ல."

சரி, செயலியில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று விட்டுவிட்டான். இரண்டு நாளில் மஞ்சள் மங்கியது. மறுபடி கேட்டான். மறுபடி அதே பதில். முப்பத்தொன்பது வீட்டில் உண்மை பேசுகிற செயலி ஒரே ஒரு வீட்டில் மட்டும் பொய் பேசுமா? அக்காதான் விளையாட்டுக் காட்டுகிறாள் என்று முடிவுகட்டினான். ஆரம்பத்திலேயே அவளுக்கு இது பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே ஐந்து ஐந்து என்று சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் பட்டினி போட்டுக் கொல்கிறாள். "நேர்ல ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னால் அதற்காகவே போகாமல் இருக்கிற ஜாதகம் அவனுக்கு.

செவ்வாய்க்கிழமை காலையில் புள்ளி சாம்பல் நிறமானது. சென்சார் செத்துவிட்டது. அதே நேரத்தில் மேற்பார்வையாளர் வேறு கூப்பிட்டு, "உங்க சொந்தக்காரங்க வீடே நிக்கலன்னா மத்தவங்க எப்படி நம்புவாங்க?" என்று கேட்டுவிட்டார். அவன் ஒரு வீட்டு ஏணியின் மேல் நின்றபடியே அக்காவைக் கூப்பிட்டான்.

"எத்தனை தடவை சொல்றதுக்கா? விளக்கைப் போட்டுத் தொலையேன்!"

"எரியுதுடா. சத்தியமா எரியுது."

"பொய் சொல்லாதே. வயசான காலத்துல எதுக்கு இந்தப் பொய்? உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? தலைக்கு மேல பாரு, எரியுதான்னு!"

அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதையும் வசவாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மேலே பேசினான்.

"வெளிச்சமும் போடமாட்டே, தூசியும் துடைக்கமாட்டே, அப்புறம் அது எதுக்குச் சுவர்ல? ஞாயித்துக்கிழமை வர்றேன். மூட்டையைக் கட்டி வை."

"தூசியா இருக்குமோ?" என்றாள் அக்கா. குரல் சின்னதாக இருந்தது. "துடைக்கிறேன்டா. துடைச்சுடுறேன். ஞாயித்துக்கிழமை வராதே."

அவன் போனை வைத்தான். செத்த சென்சாருக்காக நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் போன் கத்திக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். ‘பயனர் ஒத்துழைக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினான். போன் வாயை மூடிக்கொண்டது. ஏணியிலிருந்து இறங்கியபோது மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கும் அம்மா கூப்பிட்டாள். மளிகைக்காரர் நேற்று வைத்த பை இன்னும் வாசலிலேயே இருக்கிறதாம், இன்றும் கதவு திறக்கவில்லையாம். "தட்டினா சத்தம் வரல தம்பி. உள்ளே லேசா என்னமோ கேக்குற மாதிரியும் இருக்கு."

மாற்றுச் சாவி அவனிடம் இருந்தது. எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று பின்னால் அவனால் ஞாபகப்படுத்திச் சொல்ல முடியவில்லை. கதவைத் திறந்தான். காலை ஒன்பது மணிக்கு வீடு கும்மிருட்டாக இருந்தது. மூத்திர வாடை. கை பழக்கத்தில் ஸ்விட்சை அழுத்தியது; விளக்கு எரிந்தது. சென்சாருக்கு நேர் கீழே முக்காலி கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அக்கா கிடந்தாள். ஒரு கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இடது கையில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று, காய்ந்து விறைத்துப்போய் இருந்தது.

வலது கை மேலே எழும்பி, சுவரைப் பார்த்து இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு தரையில் விழுந்தது.

"அக்கா!"

"வந்துட்டியா?" என்றாள். உதடு வெடித்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அவன் நின்ற பக்கம் அது வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இடுப்பு எலும்பைப் பற்றிச் சொன்னார், தண்ணீர் இல்லாமல் சிறுநீரகம் பழுதானதைப் பற்றிச் சொன்னார். பிறகு கோப்பை மூடிவிட்டு, "இவங்களைத் தனியா எப்படி விட்டீங்க?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்தாங்க டாக்டர். எல்லா வேலையும் அவங்களே செஞ்சுக்குவாங்க."

"ரெண்டு கண்ணுலயும் பார்வை இல்லையே. கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போயிருக்கு. இது நேத்து வந்ததில்ல. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும். முழுசாப் போயே ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

வயர்மேன் தலையை ஆட்டினான். தெரியும் என்று ஆட்டினானா தெரியாது என்று ஆட்டினானா என்று டாக்டருக்கு விளங்கவில்லை. "கால் சேர்ந்தாலும் இனிமே அவங்க அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது. அதை மட்டும் மனசுல வச்சுக்குங்க" என்றார்.

மதியம் அக்காவின் துணிமணிகளை எடுக்க அந்த வீட்டுக்குப் போனான். காலையில் அவன் போட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த சென்சார் அதற்குள் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, ஆள் வந்திருக்கிறான் என்று அவன் போனுக்கே செய்தி அனுப்பியது. அவனுக்கு அதைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதிக்க வேண்டும்போல இருந்தது. மிதிக்கவில்லை. ஸ்விட்சின் முன்னால் போய் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினான். ‘டிக்’. மறுபடி அழுத்தினான். ‘டிக்’. அதே சத்தம், அதே தொடுகை, விரலை எடுத்தால் அதே நடு இடம். எரிகிறதா, அணைந்ததா? இருபத்தைந்து வருடம் விளக்குப் போட்டவனுக்குத் தெரியவில்லை. பழைய ஸ்விட்சாக இருந்தால் விரல் சொல்லியிருக்கும்: கீழே தாழ்ந்திருந்தால் எரிகிறது, மேலே நின்றால் அணைந்திருக்கிறது. அந்த ஒரு வழியையும் அவன்தான் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனான். அவள் அன்றைக்கே கேட்டாள். அவன் சிரித்தான்.

அவள் யாரையாவது கூப்பிட்டு, என் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கண் இல்லை என்பது தெரிந்துவிடும், தெரிந்தால் வீடு போய்விடும். அதனால் கேட்கவில்லை. ஸ்விட்சையும் தொடவில்லை, எரிகிற விளக்கைத் தொட்டால் அணைந்துவிடும் என்று பயந்திருப்பாள். மிச்சம் இருந்தது தூசி ஒன்றுதான்.

அப்புறம் ஒன்று தோன்றியது. அவள் தொடவில்லையென்றால் அணைத்தது யார்? செயலியில் பதிவுகளைத் தேடினான். விளக்கு அணைந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அவன் இத்தனை நாளும் பார்த்தான், எப்போது அணைந்தது என்று பார்க்கவில்லை. இன்றைக்கு அவன் அழுத்தியதை விட்டால், அதற்கு முன் கடைசியாக அழுத்திய தேதி இருந்தது. மூன்றாவது மாதத் தொடக்கம். அவன் தாளை எடுத்துக்கொண்டு வந்த அன்று. நேரம் பதினொன்று நாற்பது. அக்கா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவுப் பக்கத்துச் சுவரில் கை ஊன்றி, கடைசி ஆளாக வெளியே வந்தான்.

வயர்மேன் அந்தக் கவிழ்ந்த முக்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுதான் என்று சொன்னால் போதாது. தன் வலது கையைப் பார்த்துப் பார்த்து அழுதான்.

சாயங்காலம் வார்டுக்குத் திரும்பியபோது அக்கா விழித்திருந்தாள். குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் வந்த காலடிச் சத்தம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"சொன்னாங்க. ஏன்க்கா மறைச்சே?"

"சொன்னா மூட்டை கட்டியிருப்பே." பிறகு, "நான் பொய் சொல்லலடா. விளக்குப் போட்டுத்தான் இருந்துச்சு. நீ போட்டது. தொடவே இல்ல" என்றாள்.

"தெரியும்க்கா. நான்தான் அணைச்சுட்டுப் போயிருக்கேன். அன்னிக்கு வந்தப்ப. கைப்பழக்கம்."

அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். கோபப்பட்டால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சிக்னல் வந்துச்சாடா?"

"எது?"

"நான் கையை ஆட்டினது. நீ சொன்னபடிதான், அந்தச் சுவரைப் பாத்து. விட்டுவிட்டு ஆட்டினேன். மணி தெரியல, ஆனா விடாம ஆட்டினேன். வந்துச்சா?"

வந்தது என்று சொன்னால், ஒன்றே முக்கால் நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாயா என்று ஆகும். வரவில்லை என்று சொன்னால், அவள் செத்த பிளாஸ்டிக்கைப் பார்த்துத்தான் அவ்வளவு நேரமும் கையை ஆட்டினாள் என்று ஆகும். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம்.

"வரலக்கா" என்றான்.

"வரவே இல்லையா? அப்ப நீ பாக்கவே இல்லையா?"

"இல்லக்கா."

"ஓ" என்றாள். பிறகு, "நீ பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு நினைச்சேன். அன்னிக்கு அப்படிப் பேசினியா, அந்தக் கோவத்துல வராம இருக்கேன்னு நினைச்சேன். சரி, கோவம் ஆறினா வந்துடுவான்னு ஆட்டிக்கிட்டே கிடந்தேன்" என்றாள்.

கோபமெல்லாம் இல்லக்கா என்று சொல்ல வாயைத் திறந்தான். போன் சட்டைப்பையில் இருந்தது. அதில் செவ்வாய்க்கிழமை காலை அவன் அழுத்திய காரணமும் இருந்தது. அவள் நினைத்ததில் என்ன தப்பு? அவன் வாயை மூடிக்கொண்டான்.

அக்கா தூங்கிப்போனாள். நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றினாள், போகும்போது கட்டிலைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"சார், இவங்க மத்தியானத்துலேர்ந்து தூக்கத்துல இப்படித்தான் பண்றாங்க. யாரையாவது கூப்பிடுறாங்களா?"

போர்வைக்கு வெளியே அக்காவின் வலது கை எழும்பியது. எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்து இப்படியும் அப்படியும் ஆடியது. வயர்மேன் எழுந்து போய் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "வந்துட்டேன்க்கா, இங்கதான் இருக்கேன்" என்றான். அவன் பிடிக்குள்ளேயே கை ஆடிக்கொண்டிருந்தது.